ரத்தத்தில் ஊறியதா, ரசீதில் ஏறியதா?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நம்மூர் மென்பொருள் கம்பெனிகள் விசா வந்த கையோடு ஒரு வகுப்பும் வைக்கும். ஜப்பானியரிடம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். ஜெர்மானியரைப் பார்க்க ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட வேண்டும். அமெரிக்க ஓட்டலில் சாப்பிட்டால் பில்லுக்கு மேல் இருபது சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும். அரபு நாட்டில் எதையும் இடது கையால் நீட்டக் கூடாது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆன்சைட் போகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் வகுப்பு அங்கே நிற்பதில்லை. ஜப்பானியர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள், அமெரிக்கர்களுக்குத் தாராள மனசு, கொரியர்கள் பெரியவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள், நமக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று நாட்டுக்கு ஒரு குணச் சான்றிதழ் எழுதி முடித்த பிறகுதான் புரொஜெக்டரை அணைப்பார்கள். யாராவது எழுந்து ஏன் அப்படி என்று கேட்டால் ஒரே பதில்: 'அது அவங்க கல்ச்சர்.'

இந்தப் பதில் பயணக் கட்டுரையிலும் பட்டிமன்றத்திலும் வாட்ஸப் ஃபார்வர்டிலும் தடையில்லாமல் செல்லுபடியாகிறது. உலகக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் ஜப்பானிய ரசிகர்கள் மைதானத்தில் குப்பை பொறுக்கியதைச் சொல்லிவிட்டு, 'நம்ம ஆளுங்க?' என்று பேச்சாளர் கையை விரித்தால் கைதட்டல் நிச்சயம். கேட்பதற்கு மற்றவர்களை மதிக்கிற பேச்சு போலவும் இருக்கிறது. அதனால்தான் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை.

நான் மறுக்கிறேன். ஒரு வழக்கம் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பண்பாடு என்று பதில் சொல்வது, பல் ஏன் வலிக்கிறது என்று கேட்டவரிடம் பல்வலியால் என்று சொல்வதைப் போன்றது. உலகத்தின் புகழ்பெற்ற நாசூக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தால் அடியில் தெரிவது சம்பளக் கணக்கு, ஒரு சட்டம், ஒரு தண்டனை, அல்லது அரசாங்கம் பல வருடம் நடத்திய பிரச்சாரம். அவை எல்லாவற்றையும் 'பண்பாடு' என்ற ஒரே போர்வைக்குள் தள்ளிவிட்டால் யார் கட்டளையிட்டார்கள், யார் காசு கொடுக்காமல் தப்பினார்கள், யார் அடிபட்டார்கள் என்பது தெரியாமலே போகும்.

ஜப்பானிலிருந்தே தொடங்குவோம். 2017 நவம்பர் 14 அன்று தோக்கியோ அருகே மினாமி-நாகரேயாமா நிலையத்தில் 9 மணி 44 நிமிடம் 40 விநாடிக்குக் கிளம்ப வேண்டிய சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில், 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. ரயில் கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உலகமே வியந்தது. நேரம் தவறாமை ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறியது என்று நம் பத்திரிகைகளும் எழுதின.

1850களின் இறுதியில் நாகசாகியில் ஜப்பானியருக்குக் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த டச்சு அதிகாரி வில்லெம் வான் கட்டெண்டைக் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சொன்ன நேரத்துக்குப் பொருள் வருவதில்லை, ஆள் வருவதில்லை, இவர்களின் மந்தம் தாங்க முடியவில்லை என்று புலம்பி எழுதி வைத்தவர் அவர். அன்றைய ஜப்பானில் பகலை ஆறு, இரவை ஆறு என்று பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் நீண்டால் பகல் நேரத்தின் ஒரு பங்கும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். அப்படிப்பட்ட வாழ்க்கையில் விநாடிக்கு வேலையே இல்லை. 1872இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1873 ஜனவரியில் அரசாங்கம் புதிய நாள்காட்டியையும் 24 மணி நேரக் கணக்கையும் கொண்டுவந்தது. ஆனாலும் மக்கள் மாறியது போதவில்லை என்றுதான் 1920இல் ஜூன் 10ஆம் தேதியை 'நேர நாள்' என்று அறிவித்து, கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். ரத்தத்தில் ஊறிய ஒன்றுக்கு யாராவது தனியாக ஒரு நாள் குறித்து விளம்பரம் செய்வார்களா?

அந்த ஒழுங்கு பிறகு எதனால் நிலைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரல் 25 காலை, ஒசாகா பக்கத்தில் அமகசாகி என்ற ஊரில் ஒரு பயணிகள் ரயில் வளைவில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் புகுந்தது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23. முந்தைய நிலையத்தில் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் எடுத்து வந்ததில் ஒன்றரை நிமிடம் போலத் தாமதம். 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் வண்டி 116 கிலோமீட்டரில் போயிருக்கிறது. தாமதித்தால் அந்தக் கம்பெனியில் அப்போது 'மறுபயிற்சி' இருந்தது. ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி, நாள் கணக்கில் உட்கார்த்தி வைத்து, தன் தவறைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வைப்பார்கள். திட்டுவார்கள். புல் பிடுங்க விட்டதாகவும் செய்திகள் வந்தன. அந்த இளைஞர் அதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தவர். வளைவு நெருங்கும்போது, தன் பிழையைப் பற்றிக் கண்டக்டர் கட்டுப்பாட்டு அறையிடம் என்ன சொல்கிறார் என்று ரேடியோவில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் பிரேக் பிடிக்கத் தவறியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நேரம் தவறாமை பிறவிக் குணமாக இருந்திருந்தால் அவருக்கு இந்தப் பயம் எதற்கு?

மைதானத்தில் குப்பை பொறுக்கும் ரசிகரின் கதையும் இப்படித்தான். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையையும் நடைபாதையையும் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள். பள்ளியின் தினசரி அட்டவணையில் அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஏற்பாட்டை நம் பள்ளியில் நாளைக்கே கொண்டுவரலாமே என்று மேடைப் பேச்சாளர் சொல்லிவிடுவார். ஆனால் நம் ஊரில் துடைப்பம் யார் கைக்குப் போனது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ விட்ட தலைமையாசிரியர்கள் மீது இன்றைக்கும் வழக்குப் பதிவாகிறது. இங்கே பிள்ளையின் கையில் துடைப்பத்தைப் பார்த்துத் தகப்பன் கொதிப்பதற்குக் காரணம் சுத்த உணர்வு இல்லாமை அல்ல. அந்தத் துடைப்பம் தன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாட்டு 'குணத்தையும்' ஒப்பிட்டுக் கைதட்டல் வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தைத் தொடுவதே இல்லை.

அடுத்தது அமெரிக்க டிப்ஸ். நன்றி சொல்லும் தாராளம் என்று நம்மவர்கள் இதை வியக்கிறார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அங்கே ஒருவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி, வாடிக்கையாளர் வைக்கும் காசில் வந்துவிடும் என்பது கணக்கு. வராமல் போனால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த 2.13 என்ற எண் 1991லிருந்து ஒரு சென்ட் கூட ஏறவில்லை. ஆக, நீங்கள் மேஜையில் வைப்பது நன்றியின் அடையாளம் மட்டும் இல்லை, ஓட்டல் முதலாளியின் சம்பளப் பட்டியலில் ஒரு பகுதி. பில்லின் அடியில் காலியாக விட்டிருக்கும் அந்த ஒரு வரியில் பரிமாறியவரின் வீட்டு வாடகை இருக்கிறது.

இது அமெரிக்கர்களின் தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிப்ஸ் என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் பழக்கம், குடியரசுக்கு இழுக்கு என்று அமெரிக்கர்களே கொதித்தார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டம் போட்டது. இன்னும் ஐந்து மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் கைவிடப்பட்டன. டிப்ஸ் நிலைத்ததில் புல்மன் ரயில் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைத் தூங்கும் வசதி கொண்ட பெட்டிகளில் பணியாளர்களாகச் சேர்த்து, குறைந்த கூலி கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று விட்டது அந்தக் கம்பெனி. பயணிகள் அந்தப் பணியாளர்கள் அத்தனை பேரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமையை எஜமானின் பெயரால் கூப்பிட்ட பழக்கத்தின் மிச்சம் அது. அவர்கள் 1925இல் சங்கம் கட்டி, 1937இல்தான் கம்பெனியுடன் ஒப்பந்தம் கண்டார்கள். சிரித்த முகத்தோடு பெட்டியைத் தூக்கி வைத்தவரை ஒரு 'கலாச்சாரமாக' மட்டும் பார்த்த பயணிக்கு இந்தக் கதையில் ஒரு வரி கூடத் தெரிந்திருக்காது.

பண்பாட்டு விளக்கத்தின் முழு ஆபத்தையும் பார்க்க வேண்டுமானால் விமான விபத்துக்கு வர வேண்டும். 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் கொரியன் ஏர் விமானம் ஒரு குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கொரியாவில் மூத்தவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு. கேப்டன் தவறு செய்கிறார் என்று தெரிந்தும் துணை விமானிகள் ஜாடையாகச் சொன்னார்களே தவிர உரக்கச் சொல்லவில்லை. இதுதான் சாரம். இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது. நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் ஓடுகிறது. பண்பாட்டை மாற்றிக்கொள்ள முடியும் என்று அவரே எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனால் வகுப்பில் உட்கார்ந்தவர் வீட்டுக்கு எடுத்துப் போனது, கொரிய மரியாதை ஆளைக் கொல்லும் என்ற ஒரு வரியைத்தான்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை என்ன சொன்னது? கேப்டன் இறங்கும் முறையைச் சரியாக விளக்கவும் இல்லை, செயல்படுத்தவும் இல்லை. மற்ற இருவரும் சரிபார்க்கத் தவறினார்கள். இதற்குத் துணை போனவை கேப்டனின் களைப்பும் கம்பெனியின் போதாத பயிற்சியும். விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் தரையிலிருந்து எச்சரிக்க வேண்டிய கருவியின் செயல்பாட்டை அமெரிக்க விமானத் துறையே முடக்கி வைத்திருந்தது. ஓடுபாதைக்குச் சரியான சரிவில் இறங்க வழிகாட்டும் கருவி அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியே மழை, நள்ளிரவு தாண்டிய நேரம். இத்தனையும் சேர்ந்த விபத்துக்கு, பெரியவருக்கு எழுந்து நிற்கும் வழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று.

துணை விமானி கேப்டனிடம் அடங்கிப்போவது கொரியாவுக்கே உரிய நோயா? 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்றுவரை விமான வரலாற்றின் மிகப் பெரிய விபத்து அது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதா என்ற சந்தேகத்தை டச்சு விமானத்தின் பொறியாளர் வாய்விட்டே கேட்டார். கேப்டன் அதை உதறிவிட்டு வேகத்தைக் கூட்டினார். 1978 டிசம்பரில் போர்ட்லண்டில் ஓர் அமெரிக்க விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரக் கோளாறிலேயே மூழ்கிக் கிடந்த கேப்டனிடம் எரிபொருள் குறைவதைப் பற்றி மற்றவர்கள் ஜாடையாகத்தான் சொன்னார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். இதற்கெல்லாம் பிறகுதான், தவறு கண்டால் கேப்டனிடம் எப்படிச் சொல்வது என்று கற்பிக்கும் பயிற்சி அமெரிக்காவில் உருவானது. யுனைடெட் நிறுவனம் 1981இல் அதைத் தொடங்கியது. அமெரிக்கர் அடங்கிப்போனால் அதற்குப் பெயர் பயிற்சிக் குறைபாடு. கொரியர் அடங்கிப்போனால் அதற்குப் பெயர் கலாச்சாரம். கொரியன் ஏர் தன் பயிற்சி முறையை மாற்றியது. 1999க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் உயிர்ப்பலி வாங்கிய விபத்து எதுவும் அதற்கு நேரவில்லை. விமானிகள் அதே கொரியர்கள்தான்.

கிளாட்வெல் துணைக்கு அழைத்தது கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து அறிஞரின் அட்டவணையை. எந்த நாட்டில் மேலதிகாரியிடம் எவ்வளவு இடைவெளி காட்டுகிறார்கள் என்று நாட்டுக்கு ஒரு மதிப்பெண் போட்டது அது. இன்றைய கார்ப்பரேட் வகுப்புகளின் வேதமும் அதுவே. ஒரே ஒரு கம்பெனியின், ஐபிஎம்மின், ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை வாங்கிய வினாத்தாள்கள்தான் அதற்கு ஆதாரம். பாகிஸ்தானுக்கு மதிப்பெண் கொடுக்கக் கிடைத்தவர்கள் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாவது சுற்றில் 70 பேர் என்பதை ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எடுத்துக்காட்டினார். நாட்டின் சராசரியைத் தனி மனிதர் தலையில் ஏற்றாதீர்கள் என்று ஹாஃப்ஸ்டெடே எச்சரித்திருந்தார். வகுப்பு நடத்துகிறவர்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். இன்னொன்று: அந்த அட்டவணைப்படி நெதர்லாந்தும் அமெரிக்காவும் அதிகாரிக்கு அஞ்சாத நாடுகள். தெனெரீஃபும் போர்ட்லண்டும் அந்த அட்டவணைக்குள் எப்படி அடங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

வரிசையில் நிற்பதை ஆங்கிலேயரின் பிறவிப் பண்பு என்பார்கள். 1940 முதல் 1954 வரை பதினான்கு ஆண்டுகள் ரேஷன் அட்டையோடு கடை வாசலில் நின்ற தலைமுறை அது. வரிசை அன்று பெருமையாகத் தெரியவில்லை. 1950 தேர்தலில் சர்ச்சில் அதைச் சொல்லியே ஆளுங்கட்சியைக் கேலி செய்தார். பீஜிங்கில் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டான 2007இல் மாதந்தோறும் 11ஆம் தேதியை வரிசை நாளாக அறிவித்தார்கள். 11 என்று எழுதினால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பது போல இருக்கிறதாம். சிங்கப்பூரில் லீ குவான் யூ அரசு 1979இலேயே மரியாதையாகப் பழகுங்கள் என்று நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. ஆனாலும் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் பழக்கம் கெஞ்சிக் கேட்டும் முழுதாக வரவில்லை. 2021இல் தட்டை மேஜையில் விட்டுப் போனால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 சிங்கப்பூர் டாலர் அபராதம் என்று விதி வந்தது. தேக்கா உணவங்காடியில் இட்லி சாப்பிட்டவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்னும் இருபது வருடம் கழித்து, சிங்கப்பூர்க்காரர்கள் இயல்பிலேயே எவ்வளவு ஒழுங்கு என்று நம் பயண எழுத்தாளர் ஒருவர் எழுதுவார்.

இதுவரை மற்றவர் கதை. நம்மைப் பற்றிப் பேசும்போது நாமும் இதே வேலையைத்தான் செய்கிறோம். 2025இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற சோஹ்ரான் மம்தானி கையால் சோறு சாப்பிடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, நாகரிகமான அமெரிக்கர்கள் இப்படிச் சாப்பிட மாட்டார்கள் என்று டெக்சஸைச் சேர்ந்த பிராண்டன் கில் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எழுதினார். அவருக்கு அவர் முன்னோரின் சரித்திரம் தெரியவில்லை. 1608இல் இத்தாலிக்குப் போன தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் அங்கே இறைச்சியை முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவதைப் பார்த்து அதிசயித்தார். ஊருக்குத் திரும்பித் தானும் அப்படிச் சாப்பிட, நண்பர்கள் பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். இங்கிலாந்து அப்போது கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்காக எராஸ்மஸ் 1530இல் எழுதிய நடத்தை நூல், இறைச்சியை மூன்று விரலால் எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. முள்கரண்டியை வியந்த அதே கோரியட் பிறகு இந்தியாவுக்கு நடந்தே வந்து, 1617இல் சூரத்தில் இறந்துபோனார்.

கில்லுக்கு நம்மவர்கள் கொடுத்த பதில் என்ன? விரல் நுனி நரம்புகள் செரிமானத்தைத் தூண்டும், நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல. அவர் தம் வழக்கத்துக்கு நாகரிகம் என்று முத்திரை குத்தினால், நாம் நம் வழக்கத்துக்கு விஞ்ஞானம் என்று குத்துகிறோம். கையால் சாப்பிடுவதற்கு இந்தச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. குழம்புச் சோற்றுக்கு அது வசதி, சுவையாகவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

முன்னோர் முத்திரை குத்தியதும் எதெல்லாம் மறைகிறது என்பதைப் பந்தியில் பார்க்கலாம். தமிழர் விருந்தோம்பல் என்று மேடையில் முழங்குகிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் சோற்றை உள்ளங்கை வரை அள்ளுகிறாரா, விரல் நுனியோடு நிறுத்துகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்து ஆளை எடை போடுவதும் அதே பந்தியில்தான் நடக்கிறது. யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, பெண்கள் எப்போது சாப்பிட்டார்கள், யாருக்குப் பந்தியே கிடையாது என்ற கேள்விகளை மேடை கேட்பதில்லை. தமிழக அரசியலையே திருப்பிப் போட்ட சண்டைகளில் ஒன்று சாப்பாட்டு வரிசையில்தான் தொடங்கியது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் கட்சி நிதி கொடுத்தது. தேசத் தொண்டர்களை உருவாக்க வேண்டிய அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலர் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெற்றோர் விருப்பம், ஆசாரம் என்பது சொல்லப்பட்ட காரணம். 1924–25இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் கட்சியையே உலுக்கியது. அடுத்தவர் ஆசாரத்தை மதித்து நடப்பதுதானே பண்பு என்று அன்றைக்கு ஒரு வெளியூர் விருந்தாளி அறிவுரை சொல்லியிருந்தால், அவர் எந்தப் பந்தியின் பக்கம் நின்றிருப்பார்?

எதிர்வாதங்கள் இருக்கின்றன. முதலாவது, வித்தியாசங்கள் உண்மைதானே என்பது. உண்மைதான். ஜப்பானில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும், அமெரிக்காவில் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவர் வயிற்றில் அடித்ததாகும். விதிகளை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்குச் சொல்லப்படும் குலப்பெருமைக் கதையைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. காரணம் மறைந்த பிறகும் வழக்கம் நிற்கிறதே, அதற்குப் பெயர் பண்பாடு இல்லையா? கலிஃபோர்னியா உட்பட ஏழு மாநிலங்களில் பரிமாறுகிறவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். அங்கேயும் டிப்ஸ் வைக்கத்தான் செய்கிறார்கள். ஆமாம், வழக்கத்துக்குத் தனியாக உயிர் வந்துவிடும். வெட்கமும் எதிர்பார்ப்பும் அதைத் தாங்கிப் பிடிக்கும். அந்த மிச்சத்தைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது எதன் மிச்சம் என்று தெரிந்தால்தான் காக்க வேண்டியதா கைவிட வேண்டியதா என்று பேச முடியும். ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

மூன்றாவது வாதத்தை நல்லெண்ணம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் நம்மைக் காட்டுமிராண்டி என்றான், அதைவிட ஒவ்வொருவர் வழக்கத்தையும் கேள்வி கேட்காமல் மதிப்பது மேல் அல்லவா? ஏளனத்தைவிட மேல்தான். ஆனால் ஏளனம் செய்தவரும் இப்போது மதிப்பவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஒரு நாட்டு மக்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், தங்கள் வழக்கத்தைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை என்று இருவருமே நினைக்கிறார்கள்.

வேறுபாடு இருக்கிறது. ஜப்பானில் அலுவலகம் போகும் பெண்கள் குதிகால் உயர்ந்த ஷூ அணிவது வேலையிட மரியாதை என்று பல கம்பெனிகளில் விதி இருந்தது. 2019இல் யூமி இஷிகாவா என்ற பெண், ஆண்களுக்கு இல்லாத இந்த வலி எங்களுக்கு ஏன் என்று ட்விட்டரில் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்ட மனு அரசாங்கத்துக்குப் போனது. வேலையின் அவசியத்தையொட்டிச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்கும் வழக்கம்தானே என்ற தோரணையில் தொழிலாளர் துறை அமைச்சர் பதில் சொன்னார். ஆனாலும் அடுத்த வருடமே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்கு அந்த விதியைத் தளர்த்தியது. அமைச்சரும் ஜப்பானியர், இஷிகாவாவும் ஜப்பானியர். 'ஜப்பானிய நடை உடை மரியாதை' என்று நம் பயிற்சிக் கையேட்டில் அச்சாவது மட்டும் அமைச்சரின் பக்கம்.

எந்த நாட்டு வழக்கத்தையும் அந்த நாட்டிலேயே ஒருவர் எதிர்த்துக்கொண்டிருப்பார். டிப்ஸை எதிர்த்த அமெரிக்கர், மறுபயிற்சியை எதிர்த்த ஜப்பானிய ரயில் தொழிலாளர், தனிப்பந்தியை எதிர்த்த தமிழர் எல்லோரும் அந்தந்தப் பண்பாட்டின் பிள்ளைகள்தான். விருந்தாளியாகப் போன இடத்தில் அவர்கள் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். செருப்பைக் கழற்றுங்கள், டிப்ஸ் வையுங்கள், தட்டைத் திருப்பி வையுங்கள். அதற்கு மேல் அந்த வழக்கத்துக்கு நீங்கள் வக்கீலாக வேண்டியதில்லை. மரியாதை மனிதர்களுக்குச் செலுத்துவது. வழக்கத்தால் லாபம் அடைகிறவரும் அதில் வலிபடுகிறவரும் ஒரே மேஜையில் இருக்கும்போது, பண்பாடு என்று சொல்லி நாம் வாயை மூடிக்கொண்டால் அந்த மரியாதை எப்போதும் லாபம் அடைகிறவருக்கே போய்ச் சேரும்.